சலுகைக்கு ஒரு மொழி, நிபந்தனைக்கு ஒரு மொழி

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதமும் கூட வைத்திருந்த நோட்டீஸும் வந்து சேர்ந்தன. சின்னவளுக்குப் பையன் பிறந்த செய்தி படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அவள் உடம்பு தேறும்வரை வெயிலில் நீ அதிகம் அலையாதே. எனக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் பயம்.

பள்ளிக்கூட வேலை முடிந்த கையோடு நீ மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட் பரீட்சை எழுதித் தேறிவிட்டாய் என்பது பெரிய விஷயம்டி. கும்பகோணத்தில் உன்னிடம் படித்த பிள்ளைகள் இல்லாத தெரு இருக்காது. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள். அதனால்தான், அலுவலகத்தில் கொடுத்த இந்த நோட்டீஸை வீடு வீடாகக் கொடுப்பதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிட நினைக்கிறேன்.

முன்பக்கத்தைப் பார். "கையில் பணமில்லாமலே சிகிச்சை." "குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி." "5 லட்சம் வரை." எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். திருப்பினால் பொடி எழுத்தில் "அறை வாடகை உச்சவரம்பு 1%, விகிதாசாரக் கழிவு பொருந்தும், கோ-பே 20%, முன்னிருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதம்." இரண்டு பக்கமும் ஒரே ஆபீஸில்தான் எழுதப்பட்டிருக்கும். எளிமையாக எழுதத் தெரிந்தவர்கள்தான், ஆனால் பின்பக்கத்துக்கு அந்த எளிமை வரவில்லை. இத்தனை வருஷம் விளம்பர வாசகம் எழுதியதில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்: வாடிக்கையாளருக்கு வரவேண்டியது பேச்சு மொழியில் இருக்கும், அவர் கையைவிட்டுப் போகப்போவது துறைமொழியில் இருக்கும். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

அந்த "விகிதாசாரக் கழிவு" என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார். 5 லட்சம் பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய். உன் பழைய மாணவன் ஒருவன் அப்பாவைச் சேர்க்கிறான், 8,000 ரூபாய் அறைதான் காலியாக இருக்கிறது. நாலு நாள் தங்கினால் 12,000 கூடுதல், அதை நாம் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் என்று அறையின் தரத்தோடு சேர்ந்து ஏறும் செலவுகளையும் அதே எட்டுக்கு ஐந்து என்ற கணக்கில் வெட்டிவிடுவார்கள். அந்தச் செலவு 1,60,000 என்றால் கம்பெனி தருவது ஒரு லட்சம். மீதி 60,000, வாடகையில் 12,000, ஆக கோ-பேயைச் சேர்க்காமலே 72,000 ரூபாய் அவன் கையிலிருந்து போகிறது, அதுவும் டிஸ்சார்ஜ் அன்றைக்கு, பில் கவுன்டரில் நிற்கும்போது. மருந்து, உடம்புக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனை ஆகியவற்றில் இந்த வெட்டுக் கூடாது, அறைக்கு அறை கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியிலும் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி வைத்திருக்கிறது. அதுவும் நோட்டீஸில் இல்லை.

இதை நீ இப்படி எழுதலாம்: "ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்குள் உள்ள அறையில் தங்குங்கள். அதைவிட வசதியான அறைக்குப் போனால் வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணத்திலும் ஆபரேஷன் செலவிலும் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்து போகும்." எந்த உண்மையும் விட்டுப்போகவில்லை. கோ-பேக்கு, "ஏற்றுக்கொண்ட பில் ஒரு லட்சம் என்றால் 20,000 நீங்கள் கட்டவேண்டும்" என்றால் போதும். காத்திருப்புக் காலத்துக்கு, "உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் அதனால் வரும் சிகிச்சைக்கு முதல் மூன்று வருஷம் பணம் வராது." முன்பு நாலு வருஷம்வரை இருந்ததை 2024 ஏப்ரலில்தான் மூன்றாகக் குறைத்தார்கள். கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் பல பாலிசிகளில் தனியாக இரண்டு வருஷம் இருக்கிறது, அதை விட்டுவிடாதே, நம் வயதுக்காரர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். எளிமை என்பதற்காகத் தனித்தமிழ் அகராதியைத் திறக்கவும் வேண்டாம். பாலிசி, கிளைம், பில் எல்லாம் ஊரில் புழங்குகிற சொற்கள். அப்படியே இருக்கட்டும்.

நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கி, இன்றைய சிட்டி பேங்க், 1975இல் தன் தனிநபர் கடன் பத்திரத்தை இப்படித் திருத்தி எழுதியது. வக்கீல் மொழியில் நீண்டு கிடந்த பகுதியை எடுத்துவிட்டு, தவணையை நேரத்துக்குக் கட்டாவிட்டால் நான் தவறியவன் ஆவேன் என்கிற மாதிரி, கடன் வாங்குகிறவரே பேசுவதாக அமைத்தார்கள். பத்திரம் செல்லாமல் போகவில்லை. சில வருஷத்தில் நுகர்வோர் ஒப்பந்தங்கள் எளிய மொழியில் இருக்கவேண்டும் என்று அந்த மாநிலமே சட்டம் கொண்டுவந்தது. சட்டப்படி சரியாக இருக்கவேண்டுமானால் கடினமாகத்தான் இருக்கும் என்று உன் ஆபீஸில் சொன்னால் இதைச் சொல்.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் கம்பெனி அறிக்கையை டோரிஸ், பெர்ட்டி என்கிற தன் இரண்டு சகோதரிகளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டுதான் எழுதி வந்தாராம். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 1998இல் வெளியிட்ட எளிய மொழிக் கையேட்டின் முன்னுரையில் அவரே சொல்லியிருக்கிறார். இருவரும் கெட்டிக்காரர்கள், கணக்கியல் தெரியாதவர்கள், அவ்வளவுதான். நீ உன் பெரியக்காவை நினைத்துக்கொள். மளிகைக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடிப்பாள், ஆனால் விகிதாசாரம் என்றால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள்.

நிபந்தனையை முன்னால் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று பயிற்சியில் சொன்னதாக எழுதியிருந்தாய். சிலர் போவார்கள், உண்மைதான். ஆனால் இது ஒருமுறை விற்று முடிகிற சரக்கு இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. 2011லிருந்து வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. பில் கவுன்டரில் அடிபட்டவர் அடுத்த வருஷம் உன்னிடம் இருக்கமாட்டார். அறை வரம்பைப் புரிந்துகொண்டவர் வரம்பில்லாத பாலிசி இருக்கிறதா என்று உன்னையே கேட்பார், கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டவும் சம்மதிப்பார்.

இன்னொன்று. 2024 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மருத்துவ பாலிசியோடும் முக்கிய விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் தகவல் தாள் தரவேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தரவேண்டும் என்பது விதி. பலர் கேட்பதே இல்லை. உன்னிடம் பாலிசி எடுக்கும் எல்லோருக்கும் தமிழ்த் தாளை நீயே கேட்டு வாங்கிக் கொடு. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பதையும் வாயால் சொல்லிவிடு.

நோட்டீஸின் பின்பக்கத்தை உன் கையால் திருத்தி எழுதி அனுப்பு, சிவப்பு மை இந்தமுறை என்னிடம். ஆனால் அச்சுக்குப் போகுமுன் கம்பெனியின் எழுத்துபூர்வமான ஒப்புதலை வாங்கிக்கொள், ஏஜென்ட் தானாக விளம்பரம் அச்சடிக்க அனுமதியில்லை. தை பிறந்ததும் பேரனைப் பார்க்க வருகிறேன். தரையில் உட்கார முடியாது, ஒரு நாற்காலி போட்டு வை.

அன்புடன்,
கௌரி