குழாயில் வரும் நீரும் பள்ளத்தில் வர வேண்டிய நீரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு - அவினாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்ட பிறகு எங்கள் குட்டைக்கும் தண்ணீர் வந்தது. இரண்டு தலைமுறை கேட்டுக் கேட்டுப் பெற்ற தண்ணீர் அது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் செல்லும் உபரிநீரை, நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் இறைத்து, மொத்தம் 1.5 டி.எம்.சி.யை (150 கோடி கன அடியை) ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளில் நிரப்புவதே திட்டம். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குச் சராசரியாக 14 லட்சம் கன அடிதான் வருகிறது. பத்து ஏக்கர் குட்டையில் அது மூன்றடி உயரம் நிற்கும். அதுவும் ஆற்றில் உபரி இருந்தால்தான். மழை நாட்கள் குறைந்து, பெய்தால் ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும் இக்காலத்தில், ஆண்டுதோறும் உபரி இருக்கும் என்று யாரால் எழுதிக் கொடுக்க முடியும்?

அப்படிக் கொட்டும் மழையைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர் குட்டை வெட்டினார்கள். மேட்டாங்காட்டில் விழுந்த நீர், இருபுறமும் உயிர்வேலி உள்ள வண்டிப்பாதையான இட்டேரி வழியாக இறங்கி, பள்ளம் என்று நாங்கள் சொல்லும் மழைநீர் ஓடையில் சேர்ந்து குட்டைக்கு வரும். இன்று கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டாயிற்று. இட்டேரிகள் பல இடங்களில் பாதி அகலம்கூட இல்லை. எங்கள் ஊரில் சாலையை உயர்த்தியபோது பள்ளத்தின் குறுக்கே பதித்த குழாய் ஒரே பருவத்தில் மண் மூடிப் போனது. சென்ற ஆண்டு ஊரார் பணம் திரட்டி, பொக்லைன் வைத்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, பள்ளத்தை முக்கால் பங்கு தூர்வாரினோம். மீதிக் கால் பங்கு தென்னந்தோப்பாகிவிட்டது. ஆக்கிரமித்தவர் அயலார் என்றால் மனு கொடுத்திருப்போம். பங்காளி என்பதால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம், நான் உட்பட.

ஊர் ஒற்றுமையின் எல்லை அதுதான் என்பதால், இதை ஊராரின் நல்லெண்ணத்திடம் மட்டும் விட்டுவிட முடியாது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. அக்கூட்டத்தில் ஊராட்சியின் ஒவ்வொரு குட்டைக்கும் உரிய நீர்வரத்துப் பாதையைப் புல எண்ணோடு வாசித்து, வருவாய்த்துறை நிலஅளவர் கல் நட்டுக் காட்டிய பிறகு, பராமரிப்பை அந்தக் குட்டையால் கிணறு ஊறும் உழவர்களும் ஆடுமாடு வளர்ப்போரும் அடங்கிய குழுவிடம் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். அளவைக் கல் பேசினால் பங்காளியிடம் நாங்கள் பேச வேண்டியிருக்காது. வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருவதைப்போல, பள்ளத்தைத் தூர்வாரும் அனுமதியும் வட்ட அளவிலேயே கிடைத்தால், ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
அவினாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.