அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தது, மாமா?

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று நவம்பர் 3. 1954இல் இதே தேதியில்தான் ‘கோஜிரா’, அதாவது காட்ஸில்லா என்ற ராட்சத மிருகத்தின் முதல் படம், ஜப்பானில் வெளியானது. படத்துக்கு எழுபது. உங்களுக்குப் போன மாதமே எழுபது முடிந்தது. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த அன்றைக்கு நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பத்திரிகை அம்மாவின் வாட்ஸாப்புக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நாற்பத்து மூன்று வயதில் இதையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்வது அசிங்கம்தான். வைத்திருக்கிறேன்.

இதைப் போய் ஊரறிய எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அங்கே மழையா, இங்கே குளிரா என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். அதனால்தான். வழிப்போக்கராக வந்து படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்: 1998இல் நானும் அம்மாவும் மாமா வீட்டில் ஏன் இருந்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது என் அம்மாவின் விஷயம்.

நேற்று ராத்திரி படத்தை முழுசாகப் பார்த்தேன், 96 நிமிஷமும். 1998இல் உங்கள் வீட்டில் நாம் பார்த்தது எந்த இடத்தில் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். டோக்கியோவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஷின்ஜுகுவில், படத்தை எடுத்த தோஹோ கம்பெனியின் கட்டடத்து மாடியிலிருந்து கோஜிரா தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே நின்று எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், நான் அண்ணாந்துகூடப் பார்க்காமல் ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன்.

“எப்படிடா இருக்கு?” என்று அன்றைக்குக் கேட்டீர்களே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

ஜெட் விமானங்கள் இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கின்றன. இவ்வளவு பெரிய உருவத்தைக் குறிவைத்து எப்படித்தான் தவற விடுகிறார்களோ. ஒகாத்தா, எமிக்கோ காதல் எனக்கு ஒட்டவில்லை. நடுவில் இருபது நிமிஷம் இழுவை. இதையெல்லாம் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ரப்பர் சட்டை என்று கத்தினேனே, அது வேறு. அப்போதுதான் நியூயார்க்கை இடிக்கிற புது காட்ஸில்லாவைப் பார்த்திருந்தேன், கம்ப்யூட்டரில் செய்யாததெல்லாம் ஏமாற்று என்று நினைத்த வயசு. அந்தச் சட்டைக்குள் இருந்தவர் ஹருவோ நகஜிமா. சட்டையின் எடை சுமார் 100 கிலோ. படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில், அதைத் தூக்கிக்கொண்டு, 25இல் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோவை அவர் மிதித்திருக்கிறார். காமிராவை வேகமாக ஓட்டி எடுத்து, திரையில் மெதுவாகத் தெரியும்படி செய்திருக்கிறார் தந்திரக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயா. நேற்று பார்த்தபோது அந்த நடையில் இருந்த களைப்பு மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கத்தல் இருக்கிறதே, அது எந்த மிருகத்தின் குரலும் இல்லை மாமா. டபுள் பேஸின் தந்தியைத் தளர்த்திவிட்டு, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து உண்டாக்கியிருக்கிறார் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே. நாய் ஊளை மாதிரி நான் செய்துகாட்டியது அதைத்தான்.

படம் ஒரு கப்பலில் தொடங்குகிறது, நினைவிருக்கும். தளத்தில் ஆட்கள் பாட்டும் சிரிப்புமாக இருக்கிறார்கள். திடீரென்று கடலில் ஒரு வெளிச்சம், கப்பல் எரிகிறது. “பாம் போடுறான்டா” என்று நான் கைதட்டினேன். படம் வந்த அதே 1954இல், மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, ‘ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்’ என்ற மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீதும் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகின் ரேடியோக்காரர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். ஆறு வாரத்தில் படம் வந்தது. அப்படி ஒரு ரணத்தை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று அப்போதே இங்கே விமர்சகர்கள் சிலர் திட்டியிருக்கிறார்கள். ஜனங்களோ லட்சக்கணக்கில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அந்தப் படகு இப்போதும் இருக்கிறது. யுமேனோஷிமா பூங்காவில், ஒரு கூரைக்குக் கீழே. இன்று காலை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மரப் படகு, கிட்டத்தட்ட முப்பது மீட்டர் நீளம். அடிப்பாகத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பலகைகளின் இணைப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. அங்கே நின்றபோது உங்கள் முன்னறைதான் கண்ணில் வந்தது.

கப்பல்கார நண்பர் யோகோஹாமாவிலிருந்து கொண்டுவந்த கேசட். ஜப்பான்காரன் கேசட் சாதாரண டெக்கில் ஓடாது என்று கடையிலிருந்து மல்ட்டி சிஸ்டம் டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். சப்டைட்டில் கிடையாது. நண்பர் கதை சொல்லச் சொல்ல, சீன் சீனாக நீங்கள் பென்சிலில் எழுதிவைத்த நீள நோட்டு மடியில். நிறுத்தி நிறுத்தி நீங்களே எல்லோருக்கும் குரல் கொடுத்தீர்கள். விஞ்ஞானிக்கு ஒரு குரல், மந்திரிக்கு ஒரு குரல். தரையில் பதினைந்து பேர். கதவோரம் அம்மா முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

ஊர் எரிகிறது. ஒரு கட்டட ஓரத்தில் ஒரு பெண் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் நோட்டைப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னீர்கள்: “பயப்படாதீங்க, அப்பா இதோ வந்துடுவாருன்னு சொல்றா.”

“எங்கேர்ந்து வருவாரு? அவரத்தான் பல்லி மிதிச்சிடுச்சே!”

என் குரல்தான். பதினைந்து பேரும் சிரித்தார்கள். நீங்கள் எழுந்து கேசட்டை நிறுத்தினீர்கள். என்னைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ரீவைண்ட் போட்டுவிட்டு டெக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். அந்தச் சத்தம் முடிந்து டக்கென்று நிற்கிறவரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா மட்டும் முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மாமா, நேற்று அந்த இடம் வந்தது. எனக்கு இப்போது ஜப்பான் பாஷை தெரியும். “மோ சுகு, மோ சுகு” என்கிறாள் அவள். இதோ, இதோ. ஆனால் அப்பா வருவார் என்று அவள் சொல்லவில்லை. இதோ அப்பாகிட்ட போயிடப் போறோம் என்கிறாள்.

நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டினேன். நாலு தரம்.

நண்பர் தப்பாகச் சொல்லியிருக்கலாம், நீங்கள் தப்பாக எழுதியிருக்கலாம். ஆனால் நோட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் மௌனமாக இருந்த அந்தக் கொஞ்ச நேரம் என்னை விடமாட்டேன் என்கிறது. கதவோரம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் அம்மா ஒருநாள் ராத்திரி என்னிடம் சொன்ன வார்த்தை உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. அதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் வரியைத் திருப்பிப் போட்டீர்கள், நான் அதை வைத்தே ஜோக் அடித்தேன். பதினேழு வயசு என்பதெல்லாம் ஒரு சாக்கு. சிரித்திருக்காவிட்டால் அழுதிருப்பேன் என்பதும் சாக்குதான், ஆனால் அது உண்மையான சாக்கு. மன்னித்துவிடுங்கள்.

ஆனாலும் கேட்கிறேன், ஏன் மாற்றினீர்கள்? 1956இல் அமெரிக்காக்காரன் இந்தப் படத்தை 80 நிமிஷமாக வெட்டி, தன் ஊர் நடிகர் ஒருவரை உள்ளே நுழைத்து வெளியிட்டான். நாகசாகியில் தப்பித்து வந்த உசுரு இது என்று ரயிலில் ஒரு பெண் சொல்வதைத் தூக்கிவிட்டான். கேட்பவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நினைத்தானோ என்னவோ. நாங்கள் எதைத் தாங்குவோம் என்பதையும் எப்போதும் நீங்களேதான் முடிவு செய்தீர்கள். அப்பாவின் ஸ்கூட்டரை நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் விற்றது உட்பட. அந்தக் காசில்தான் எனக்கு ஃபீஸ் கட்டினீர்கள் என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும் கோபம் போகவில்லை. இதைப் படிக்கும் சித்தப்பா வகையறா சந்தோஷப்பட வேண்டாம், உங்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை, அதுதான் விஷயமே.

நீங்கள் நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சிறுமிகள் பாடுகிற பிரார்த்தனைப் பாட்டு ஒன்று வருகிறது. அதைக் கேட்டு, ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்ட விஞ்ஞானி செரிசாவா, கோஜிராவைக் கொல்லக்கூடிய தன் கண்டுபிடிப்பைத் தரச் சம்மதிக்கிறார். தருவதற்கு முன்னால் தன் குறிப்புகளை எல்லாம் நெருப்பில் போடுகிறார். இன்னொருத்தன் கைக்கு அது போகக் கூடாதாம். பிறகு கடலுக்குள் இறங்கி, தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறார்.

நீங்கள் ஒரு காகிதத்தையும் எரிக்கிற ஆள் இல்லை. 1985 கரண்ட் பில்கூட பரணில் இருக்கும். அந்த நீள நோட்டும் இருக்கும். ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம், எதிர்வீட்டுப் பையனை ஏறச் சொல்லுங்கள். கட்டட ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இங்கே பின்னூட்டத்தில் வேண்டாம். அம்மாவின் வாட்ஸாப்பிலும் வேண்டாம். என் நம்பர் மாறவில்லை.