கடைக்காரரைக் கேட்டது போதும், சமைப்பவரைக் கேளுங்கள்: யாழ்ப்பாண உணவுத் தயாரிப்பு நிறுவனங்களின் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களுக்கு வணக்கம்.

மிளகாய்த்தூள், நெல்லி ரசம், நல்லெண்ணெய், பிஸ்கற், ஐஸ்கிரீம் என்று இங்கே செய்து இங்கேயே விற்கும் உங்களுக்குச் சந்தை நிலவரம் இரண்டு வழியாகத்தான் வருகிறது: ஏஜென்டின் ஓடர், சேல்ஸ் ரெப்பின் வாய். ஓடர் காட்டுவது கடைக்குள் போன சரக்கை மட்டும். அடுப்படிக்குப் போனது எவ்வளவு என்று அது சொல்லாது. ரெப் தன் மாத இலக்குக்கு இதமானதைச் சொல்வார். காலாவதியான சரக்கு திரும்பி வரும்போதுதான் உண்மை தெரியவரும், அதற்குள் பல மாதம் போய்விடும். கைத்தொலைபேசி வழி ஆய்வு இந்த இடைவெளியை ஒரு வாரமாகக் குறைக்கும். அதற்கு இந்த நிதியாண்டிலேயே பணம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த மாதங்களில் கடதாசிப் படிவத்தோடு வீடு வீடாகப் போய், கணினியில் ஏற்றி, அறிக்கை எழுதி முடிக்கையில், பழைய விலைக்குச் சொன்ன பதில்தான் கையில் இருந்திருக்கும்.

முதலில் செலவழிக்கக் கூடாத இடம். உங்களுக்கென்றே ஒரு செயலி செய்து தருகிறோம் என்று யாரும் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கோபோடூல்பொக்ஸ், ஓடிகே கலெக்ட் போன்ற, போனில் கேள்விப் படிவம் நிரப்பும் செயலிகள் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழில் கேள்வி ஏற்றலாம். இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் பதிவு செய்யும். நெடுந்தீவில் நிரப்பிய படிவம் போனிலேயே கிடந்து, குறிகட்டுவானில் சிக்னல் வந்ததும் ஏறிவிடும். காசு போக வேண்டியது நல்ல இலக்கப் பட்டியலுக்கும், அந்த இலக்கங்களோடு பேசத் தெரிந்த ஆட்களுக்கும்.

பட்டியலை விலைக்கு வாங்காதீர்கள். ஒருவரிடம் இரண்டு சிம் இருக்கும். ஒரே போனை முழு வீடும் பாவிக்கும். இலக்கம் கணவர் பெயரில் இருக்க, சமைப்பவர் மனைவியாக இருப்பார். பேஸ்புக்கில் இணைப்பைப் போட்டால் டேட்டா உள்ள இளம் பெடியள்தான் நிரப்புவார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் எந்தத் தூள் என்று தெரியும்?

ஆகவே முதல் தடவை மட்டும் நேரில் போகவேண்டும். மாவட்டத்தில் 15 பிரதேச செயலர் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஒவ்வொரு பிரதேச செயலர் பிரிவிலும் குலுக்கிப் போட்டு 4 கிராம அலுவலர் பிரிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 வீடு பார்த்தால் மொத்தம் 1,200 வீடுகள். சாமான் வாங்குபவர் யார், சமைப்பவர் யார், போன் யாருடையது, ஸ்மார்ட்போனா பட்டன் போனா, எந்த நேரம் பேசலாம் என்பவற்றை எழுதி, சம்மதத்தையும் பதிந்துகொள்ள வேண்டும். நெடுந்தீவிலும் நல்லூரிலும் ஒரே 80 வீடு எடுப்பதால், கூட்டும்போது தொகைமதிப்புப் புள்ளிவிபரத்தின்படி சனத்தொகைக்கேற்ற நிறை கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் நெடுந்தீவின் விருப்பம் மாவட்டத்தின் விருப்பமாகிவிடும்.

ஒரு சுற்றில் மூன்றில் ஒருவர் பதில் சொன்னாலே 400 பேர். 95 வீத நம்பகத்தில் வழு கூட்டிக் கழித்து 5 புள்ளி, அதாவது ஆய்வில் 50 வீதம் என்று வந்தால் உண்மை 45 க்கும் 55 க்கும் இடையில் இருக்கும் என்று நம்பலாம். வீடுகளைக் கொத்தாக எடுப்பதாலும் நிறை கொடுப்பதாலும் இது இன்னும் சற்று விரியும். 100 பேர் என்றால் 10 புள்ளி. வழுவைப் பாதியாக்க நாலு மடங்கு ஆட்கள் தேவை. வடமராட்சியில் 100, தென்மராட்சியில் 100 பேரிடம் கேட்டு, இரண்டுக்கும் 14 புள்ளிக்குக் குறைவான வித்தியாசம் வந்தால் அதை நம்பிப் பொதியின் அளவை மாற்றாதீர்கள், இரண்டின் வழுவும் அதில் சேர்ந்திருக்கும். அறிக்கையில் அழகான வரைபடம் இருக்கும், அதற்காக நம்பவேண்டியதில்லை.

எஸ்எம்எஸ் மலிவு என்று கணக்காளர் சொல்லக்கூடும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழில் 70 இடம்தான். குற்றும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும்: ‘யாழ்ப்பாணம்’ கண்ணுக்கு 6 எழுத்து, கணக்குக்கு 11. நீண்ட செய்தி துண்டாகும்போது ஒரு துண்டில் 67 தான். 80 எழுத்துள்ள ஒரு கேள்வி மூன்று எஸ்எம்எஸ் காசு கேட்கலாம். இன்னொரு பொறி: இலக்கத்துக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயர் தெரியும்படி அனுப்பினால் வாங்குபவரால் பதில் போடவே முடியாது. ஒருவரும் பதில் தரவில்லை என்று பிறகு சனத்தைக் குறை சொல்வார்கள்.

எங்கள் தெரிவு, பட்டன் போனுக்கு நேரடி அழைப்பு, ஸ்மார்ட்போனுக்கு வட்ஸ்அப் இணைப்பு. அழைப்பு யாழ்ப்பாணத்தின் 021 இலக்கத்திலிருந்து போகட்டும். கொழும்பின் 011 ஐக் கண்டால் லீசிங் கொம்பனி என்று வெட்டிவிடுவார்கள். கேள்வி 12 ஐத் தாண்டக் கூடாது, பேச்சு 7 நிமிடத்துக்குள் முடியவேண்டும். பெட்டி பெட்டியாக விரியும் அட்டவணைக் கேள்வி சின்னத் திரையில் பாதி வெளியே போய்விடும். கண்ணுக்குத் தெரிந்த முதல் பெட்டியையே எல்லாவற்றுக்கும் தட்டிவிடுவார்கள்.

எந்தத் தூள் பாவிக்கிறீர்கள் என்று கேட்டு ஆறு பிராண்ட் பெயர்களை அடுக்கினால் யாழ்ப்பாணத்தில் உங்கள் பெரிய போட்டியாளரே பட்டியலில் இருக்கமாட்டார். செத்தல் மிளகாய் வாங்கி, வீட்டில் வறுத்து, மில்லில் அரைப்பித்த தூள் அது. அதற்கு ஒரு விடை வைக்கவேண்டும். வாங்கியது வீட்டுக்கா, கனடாவுக்குப் பார்சல் போடவா என்றும் கேட்கவேண்டும். பார்சலுக்கு வாங்குபவர் விலையை விடப் பொதியின் உறுதியைத்தான் பார்ப்பார். இனி வாங்குவீர்களா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், மரியாதைக்கு எல்லாரும் ஓம் என்பார்கள். கடைசியாக எப்போது, எங்கே, எத்தனை கிராம், என்ன விலை என்று கேளுங்கள். முடிந்தால் அலுமாரியில் இருக்கும் பக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உற்பத்தித் திகதியை வாங்கிய நாளோடு ஒப்பிட்டால், கடையில் எத்தனை வாரம் கிடந்தது என்று தெரியும். இதை எந்த ரெப்பும் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

பதில் தருபவருக்கு 100 ரூபாய் ரீலோட் போதும். கூட்டிக் கொடுத்தால் ஒரே ஆள் நாலு சிம்மில் வருவார். இணைப்பை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒருமுறை மட்டும் திறக்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் குடும்பக் குழுவில் பகிரப்பட்டு ஸ்காபரோவில் இருக்கும் மாமா கொக்குவில் வீட்டுக்காகப் பதில் சொல்வார். பாதிப் பேர் அதற்குள்ளும் மீதிப் பேர் அதற்குப் பிறகும் முடிக்கும் நடு நேரத்தைக் கண்டு, அதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவான நேரத்தில் முடித்த படிவங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். பத்துக்கு ஒருவரை வேறொருவர் மீள அழைத்துச் சரிபார்க்கட்டும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. அப்போது இறைச்சிச் சரக்குத் தூளைப் பற்றிக் கேட்டால் எண் விழும், ஐஸ்கிரீமைக் கேட்டால் எகிறும். இரண்டும் ஆண்டுக்கு உதவாத எண்கள்.

சம்மதம் பற்றி ஒரு கண்டிப்பு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் சட்டத்தரணியோடு இருந்து வாசியுங்கள். பெயரும் இலக்கமும் ஒரு கோப்பில், பதில்கள் வேறு கோப்பில். விற்பனைப் பிரிவுக்கு முதல் கோப்பு போகவே கூடாது. ஆய்வு என்று வாங்கிய இலக்கத்துக்குச் சலுகை விலை சொல்லி ஒருவர் அழைத்தால் போதும், அந்த ஒழுங்கையே அடுத்த சுற்றில் போனை எடுக்காது.

சுவையைப் போனில் அறிய முடியாது. புதிய நெல்லி ரசம் இனிப்புக் கூடவா என்பதற்கு மேசை போட்டுக் குடிக்கக் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். அதற்குரிய பணத்தை இதிலிருந்து வெட்டவேண்டாம்.

அடுத்த சபைக் கூட்டத்தில் நாங்கள் கேட்பது: ஆறு மாதத்துக்கு முழுநேர அழைப்பாளர்கள் இருவர், தரவு பார்க்க ஒருவர், 1,200 வீட்டுக்கான முதற்சுற்றுப் போக்குவரத்து, மாதம் 400 ரீலோட். மாரி மழை தொடங்குமுன் வீட்டுச் சுற்று முடியவேண்டும். ஆய்வின் முதற்பொருளாக, கடையிலிருந்து ரிட்டேன் அதிகம் வரும் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். கேள்விகளை எங்களிடம் தருமுன், எந்த விடை வந்தால் எதை மாற்றுவீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். அப்படி எழுத முடியாத கேள்வியை நாங்கள் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் சந்தை ஆய்வுக் களப்பணி செய்யும் சிலர்