கோடையில் இணையப் பாதுகாப்புப் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்பு முகமையும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் நிதி வழங்க, 2014இல் தொடங்கிய ஜென்சைபர் திட்டத்தின்கீழ், பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்களுக்குக் கோடைக்கால இணையப் பாதுகாப்பு முகாம்களைக் கட்டணமின்றி நடத்தி வந்துள்ளன. அண்ணா பல்கலைக்கழகமும் அரசுப் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இதுபோன்றதொரு முகாமை மே மாதத்தில் நடத்தலாம். எளிய கடவுச்சொல் எவ்வளவு விரைவில் உடைகிறது என்பதையும், வங்கியின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தியின் இணைப்பில் ஓர் எழுத்து மாறியிருப்பதையும் வெளி இணையத்தோடு தொடர்பில்லாத ஆய்வகக் கணினியில் மாணவரே செய்து பார்க்க வேண்டும். வெறும் சொற்பொழிவும் சான்றிதழும் (நம் ஊர்ப் பயிற்சிகள் பலவும் அவ்வளவில் முடிந்துவிடுகின்றன) போதா. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு முரணானது என்பதை முதல் நாளிலேயே கற்பிப்பதும் அவசியம்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர், மதுரை