சி மொழி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஒரே கோப்போடு நிறுத்திவிடாதீர்கள்

நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் சி மொழி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளோடு தினமும் உட்காருகிறவன் நான். அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பஸ் ஏறிப் போய்ப் படித்தவர்கள். நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரைக் கேட்டால் படம் போட்டே விளக்குகிறார்கள். புரோகிராம் இரண்டு கோப்பாகப் பிரிந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. ரெக்கார்டு நோட்டில் எல்லாப் பயிற்சியும் ஒரே கோப்பில் முடிந்துவிடுவதுதான் காரணம்.

‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (அழைத்தது எங்கும் கிடைக்கவில்லை) என்று பிழை வந்ததும் விட்டுப்போன செமிகோலனைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு கோப்பையும் மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரின் வேலை முடிந்துவிட்டது, இப்போது தடுப்பது அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு .சி கோப்பும் தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்பாகிறது. ஹெடரில் (பல கோப்புகளுக்கும் பொதுவான அறிவிப்புகள் உள்ள கோப்பு) உள்ள அறிவிப்பை நம்பிக் கம்பைலர் நகர்ந்துவிடும். அந்த ஃபங்ஷன் நிஜமாக எங்கே இருக்கிறது என்று தேடுவது லிங்கர்தான். இது புரியாததால் .சி கோப்பையே இன்னொரு கோப்புக்குள் இன்க்ளூட் செய்துவிடுகிறார்கள். அப்போதைக்கு ஓடும். அதே கோப்பைத் தனியாகவும் கம்பைல் செய்து சேர்த்தால், ஒரே ஃபங்ஷன் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ பிழை.

குளோபல் வேரியபிளிலும் இதே சிக்கல்தான். ஹெடரில் ‘இன்ட் மட்டம்;’ என்று எழுதி இரண்டு கோப்பில் இன்க்ளூட் செய்தால், பழைய ஜிசிசி கம்பைலரில் அது சத்தமில்லாமல் ஒன்றாகிவிடும். 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் அது லிங்க் பிழை. ‘இன்க்ளூட் கார்டு போட்டிருக்கேனே’ என்கிறார்கள். ஒரே .சி கோப்புக்குள் ஹெடர் இரண்டு முறை நுழைவதை மட்டும்தான் அது தடுக்கும். ஹெடரில் ‘வேறு இடத்தில் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும் எக்ஸ்டர்ன், ஒரே ஒரு .சி கோப்பில் வேரியபிள்: இதைப் பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டுங்கள்.

பயிற்சிக்கு நம் அணைகளே போதும். முழு நீர்மட்டம் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அணை.சி நீர்மட்டத்தை வைத்துக்கொள்ளட்டும், அறிக்கை.சி அச்சிடட்டும்; மெயின்.சி இரண்டையும் அழைக்கட்டும். வெளியே தெரிய வேண்டாத ஃபங்ஷனுக்கு, அதை அந்தக் கோப்புக்குள்ளேயே நிறுத்தும் ஸ்டேடிக். அறிக்கையில் ஒரு வரியை மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை மட்டும் கம்பைல் செய்து மறுபடி லிங்க் செய்து பார்க்கட்டும். இதையெல்லாம் தானாகச் செய்யவைக்கும் மேக்ஃபைல் அப்புறம் வரட்டும். முதலிலேயே கொடுத்தால் உள்ளே நடப்பது எதுவும் கண்ணில் படாது.

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை, சரி. லேப் உங்கள் கையில்தான் இருக்கிறது. வரும் செமஸ்டரில், லிங்க் ஆகாத மூன்று கோப்புகளைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். கோப்புகளை நான் எழுதித் தருகிறேன். லேபில் வந்து கூட உட்காரவும் தயார்.