பழைய ஆஸ்டின் படங்களைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். பழைய ஆஸ்டின் புகைப்படக் கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. கூட்டத்தில் பலரிடம் இரண்டு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பரணிலிருந்து ஆல்பங்களை இறக்கியவர்களுக்கு. "ஊரையெல்லாம் நாங்கள் படம் எடுத்ததே இல்லையே" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பித்தீர்கள். உண்மைதான். பிள்ளையின் பிறந்தநாளை எடுத்தோம், முதன்முதலாக வாங்கிய காரை எடுத்தோம், டெக்சாஸ் வெயிலில் ஸ்வெட்டரோடு நிற்கும் அம்மா அப்பாவை எடுத்தோம். எங்களுக்கு வேண்டிய ஆஸ்டின் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

செரிவுட் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி தந்த 1997-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்க வரிசையே நின்றது. முதல் பிறந்தநாள். குழந்தை கேக்கை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறது. சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். விமானம் படத்தில் இல்லை, அதன் நிழல் மட்டும் வேலியோரப் புல்லில் விழுந்திருக்கிறது. மியூலர் விமான நிலையம் அப்போது ஊருக்கு நடுவிலேயே இருந்தது. 1999-ல் அதை மூடி, விமானப்படை காலி செய்திருந்த பெர்க்ஸ்ட்ரம் தளத்துக்கு மாற்றினார்கள். ஓடுபாதை கிடந்த இடத்தில் இன்று வீடுகள், ஏரிப் பூங்கா, குழந்தைகள் மருத்துவமனை எல்லாம் வந்துவிட்டன. பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். போன் பேச விடாத அந்தச் சத்தத்தைத் திட்டியவர்கள்தான் அன்று படத்தின் முன்னால் நின்று ஏக்கத்தோடு பேசினார்கள். மனித மனசு!

ஆற்றின் தென்கரையிலிருந்து ஃப்ராஸ்ட் பேங்க் கோபுரத்தை எடுத்த அன்பருக்கும் நன்றி. 2004-ல் அது திறக்கப்பட்டபோது ஊரிலேயே உயரம் அதுதான், 515 அடி. அப்புறம் எத்தனையோ கட்டடங்கள் அதைத் தாண்டிவிட்டன. இன்று ரெய்னி தெருப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் ஒன்று நிற்கிறது. அதே இடத்தில் நின்று இப்போது எடுத்த படத்தில் ஃப்ராஸ்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 1990-ல் நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்த மக்கள்தொகை 2020-ல் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டிவிட்டது என்றால் வேறெப்படி இருக்கும்? மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேபிடலின் குவிமாடம் இன்னும் சில இடங்களிலிருந்து தெளிவாகத் தெரிகிறதென்றால், அந்தப் பார்வையை மறைக்கக் கூடாது என்று 1980-களில் போட்ட சட்டம்தான் காரணம். போட்டவர்கள் நன்றாக இருக்கட்டும்.

தனியாக நன்றி சொல்ல வேண்டியது கிழக்கு ஆஸ்டினிலேயே பிறந்து வளர்ந்த பெரியம்மாவுக்கு. தமிழர் இல்லை, ஆனாலும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். 1950-களின் கடைசியில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை உறையில் போட்டுக் கொண்டுவந்தார். ஈஸ்ட் அவென்யூ என்ற அகலமான சாலையின் நடுவிலிருந்த புல்வெளியில் ஒரு குடும்பம் துணி விரித்துச் சாப்பிடுகிறது. அந்தச் சாலை போன வழியில்தான் 1962-ல் ஐ-35 நெடுஞ்சாலை வந்தது. 1928-ல் நகரம் போட்ட திட்டம், கறுப்பின மக்களுக்கான பள்ளியையும் பூங்காவையும் கிழக்கே மட்டும் வைத்து அவர்களை அங்கே தள்ளியது. பிறகு அந்த நெடுஞ்சாலையே சுவராக நின்றது. இப்போது மனை விலையும் சொத்து வரியும் ஏறி, அங்கிருந்தும் போகச் சொல்கிறது. "'அந்தக் காலம் போல வருமா' என்ற பலகைக்குக் கீழே என் படத்தை மாட்டக் கூடாது" என்று சொல்லித்தான் தந்தார். அதைத் தனிச் சுவரில் மாட்டினோம். இரண்டு நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் சொன்னார். தொண்ணூறுகளில் வேலைக்கு வந்து இறங்கிய நம் ஏக்கம் டிராஃபிக்கையும் மூடிப்போன கடைகளையும் பற்றியது. அவருடையது அந்த வகையில் சேராது.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அண்ணன் இல்லாவிட்டால் பாதிப் படங்களுக்கு இடமே தெரிந்திருக்காது. மரத்தையும் நிறுத்தப் பலகையையும் பார்த்தே தெருவைச் சொல்லிவிட்டார். ஹைலேண்ட் மால் வாசலை மட்டும் எல்லோரும் அடையாளம் கண்டோம். அது 2015-ல் மூடி, இப்போது கல்லூரி வளாகமாகிவிட்டது.

ஸ்கேன் செய்த பிள்ளைகளே, பரீட்சை நேரத்திலும் வந்ததற்கு நன்றி. புளியோதரையும் டாக்கோவும் கொண்டுவந்தவர்களே, மீதம் ஒன்றும் இல்லை.

ஆல்பங்களைத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறோம். பச்சை அட்டை ஆல்பம் ஒன்று பெயரில்லாமல் எங்களிடம் இருக்கிறது. உள்ளே பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் குளத்தில் குளிரில் நடுங்கும் இரண்டு பையன்கள். யாருடையது என்று சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில்