கீசரின் சத்தத்தைக் கேட்ட பிறகு காயிலைக் கழற்றட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி நெருங்கினால் சேலத்திலும் ஏற்காட்டிலும் கீசரில் சத்தம் வருகிறது என்ற புகார் பெருகிவிடுகிறது. பழுது பார்க்க வருபவர்களில் பலர், அந்தச் சத்தம் எப்போது, எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலேயே நீரைச் சூடாக்கும் காயிலை மாற்றச் சொல்கிறார்கள். சிலர் புதிய கீசருக்கே விலை சொல்லிவிடுகிறார்கள். ஏற்காட்டில் தங்கும் விடுதிகளின் சுடுநீர்க் குழாய்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நகரில் மிகுதியாகக் கேட்பது உப்புப் படிவின் சத்தம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூடேறும்போது பிரிந்து, காயிலின் மேல் வெள்ளைப் படிவாக ஒட்டுகின்றன. அந்தப் படிவின் அடியில் சிக்கிய நீர் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகிக் குமிழியாகி, குளிர்ந்த நீரைத் தொட்டதும் உடைவதால்தான் உலை கொதிப்பது போன்ற உறுமல் எழுகிறது. சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில் தொடங்கி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்ததும் அடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுவே. மின்சாரத்தை நிறுத்தி, நீரை வடித்து, காயிலைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் பல காயில்கள் மீண்டும் உழைக்கும். குடிநீரின் கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. குடிக்கத் தடையில்லாத அந்த 600, கீசருக்குப் பெருங்கேடு.

ஏற்காட்டில் காற்றின் தொல்லையே அதிகம். சரிவில் ஏறி இறங்கும் குழாயின் மேட்டில் காற்று தங்கிவிட்டால் களகளவென்று ஒலித்து, சுடுநீர் விட்டுவிட்டு வரும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் இப்படி ஒலித்தால், முதலில் அதன் உச்சியிலுள்ள சிறு திருகைத் திறந்து காற்றை வெளியேற்றுகிறார்கள். நாமும் மேட்டில் ஒரு காற்றுப் போக்கி வைத்தால் போதும். சோலார் ஹீட்டராக இருந்தால் அதன் காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

குழாயை மூடியவுடன் சுவரில் இடிப்பது தளர்ந்த கிளாம்பையும் மிகுந்த நீர் அழுத்தத்தையும் காட்டுகிறது. சுடுநீர் ஓடும்போது மெல்லச் சொடுக்கும் ஒலி, குழாய் வெப்பத்தில் நீள்வதால் வருவது, அதனால் ஆபத்தில்லை.

ஆபத்தானது வேறொன்று. தெர்மோஸ்டாட் கெட்டு, கொதிக்கும் ஓசை அடங்காமல், குழாயில் நீராவி வந்தால் உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்; ஆனால் மூடிய தொட்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதை வெளியேற்றத்தான் சேஃப்டி வால்வு இருக்கிறது. சூடேறும் நீர் விரிவதால் அது சிறிது சொட்டுவது இயல்பு. சொட்டுகிறது என்பதற்காக அதன் வாயை அடைத்துவிடும் வழக்கத்தைப் பல வீடுகளில் காண்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள்.

சேலம் மாநகராட்சி, வார்டுவாரியாகப் பொது ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பழுது பார்ப்போர், கேட்ட சத்தத்தையும் கண்டறிந்த காரணத்தையும் பணிச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்; எழுதித் தராதவருக்கு, காயிலை மாற்ற ஒப்புதல் தர வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.